கோவா வளரக் கூடாது

உலகில் விவசாயம் தோன்றிய நாள் முதல் விவசாயிகளுக்கு நாரி எனப்படும் இடுப்பு நொந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்த நோவெல்லாம் உள்ள பொருட்களால் வந்த நோவு. உள்ள மண், உள்ள களை, உள்ள மூட்டை. இல்லாத ஒன்றைத் தேடிக் குனிந்து நாரி பிடித்துக்கொண்ட முதலாவது விவசாயி என்ற பெருமை இணுவில் கனகலிங்கத்துக்கே உரியது. மனித குலத்தின் முன்னேற்றம் ஒரு மனிதனின் இடுப்பில் இவ்வளவு துல்லியமாக வந்து இறங்கியது வேறெங்கும் நடந்திருக்காது.

தை மாதத்து ஒரு காலைப்பொழுது. கனகலிங்கம் தன் கோவாத் தோட்டத்தின் நடுவில் ஒரு கையில் செல்போனும் மறுகையில் இடுப்புமாக, பாதி மடித்த சாய்மனைக் கதிரை போல நின்றார். புத்தகங்களில் முட்டைக்கோசு என்று எழுதப்படும் அதே கோவாதான். பச்சைப் பசேலென்று பாத்தி பாத்தியாகத் தலை திரண்டு உருண்டு வந்துகொண்டிருந்தது.

"என்னப்பா, பிடிச்சிட்டுதோ?" என்று கிணற்றடியிலிருந்து மனைவி ஞானாம்பிகை கேட்டார்.

"ஓம். நாரிக்குள்ளை இறுக்கிப் பிடிச்சிட்டுது."

"நாரியை ஆர் கேட்டது? புழுவைப் பிடிச்சிட்டியளோ எண்டு கேட்டனான்."

"இல்லை. ஒளிச்சிட்டுது."

"இல்லாத புழு எங்கையப்பா போய் ஒளிக்கும்?"

"இலைக்குப் பின்னாலை. போன மாசம் இலைக்கு முன்னாலை அந்தரத்திலை நிண்டது. நிமிந்து நிண்டபடியே அடிச்சனான். இப்ப முன்னேற்றம். குனிஞ்சு, இலையைத் தூக்கித்தான் பாக்க வேணும்."

ஞானாம்பிகை வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு வந்து அவருடைய நாரியில் இரண்டு குத்துக் குத்தினார். குத்தியது வைத்தியத்துக்காகவா என்று கனகலிங்கம் கேட்கவில்லை.

இந்த மகத்தான நோவுக்கு மூலகாரணமாக அமைந்தது "விவசாயிகளைக் கலப்பு மெய்ம்மை ஊடாக வலுவூட்டும் செயற்றிட்டம்". அதன் நோக்கம் எளிமையானது. கோவாவில் விழும் புழுவை அடையாளம் காண விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுப்பது. அதற்காகப் புழு நிறைய உள்ள விவசாயிகளைத் தேடிப் பிடித்து, செல்போனுக்குள் புழு வைத்துக் கொடுத்தார்கள். போனைத் தோட்டத்துக்கு நேரே பிடித்தால், உண்மைக் கோவாவின் மேல் பொய்ப் புழு ஊரும். விரலால் தட்டினால் சாகும். சாகும் ஒவ்வொரு புழுவுக்கும் புள்ளி உண்டு.

கனகலிங்கம் "முன்னோடிப் பயனாளி"யாகத் தெரிவு செய்யப்பட்டார். தகுதி, தோட்டம் தார் றோட்டுக் கரையில் இருந்ததும், வாகனம் நிறுத்த அதில் ஒரு வேப்பமர நிழல் இருந்ததும். தொப்பி ஒன்று, போன் ஒன்று, கழுத்தில் தொங்க ஓர் அடையாள அட்டை. அந்த அட்டையை அவர் குளிக்கும்போது மட்டும் கழற்றினார். அதுவும் ஞானாம்பிகை சத்தம் போட்டதால்.

ஞானாம்பிகையின் கவலை வேறு. மார்கழி மழைக்குக் குசினிக் கூரை ஒழுகி, ஒரு கையில் அகப்பையும் மறுகையில் குடையுமாகவே அவர் சமைத்திருந்தார். கறிக்கு உப்புப் போட்டால் மேலேயிருந்து தண்ணீர் விழும். தண்ணீர் விட்டால் ஓட்டுத் துண்டு விழும். இந்தக் கோவா விற்றதும் குசினிக் கூரை மேய்வது என்று புருசனும் பெண்சாதியும் பேசி முடித்திருந்தார்கள். அடுத்த மழைக்குக் குடையைக் குசினியில் விரிப்பதா, வெளியில் விரிப்பதா என்பது இந்தக் கோவாவின் கையில் இருந்தது.

செயற்றிட்டத்தின் முதற் கட்டத்தில் ஒரு சிறு சிக்கல் எழுந்தது. பொய்ப் புழுவுக்கு மரியாதை தெரியவில்லை. எது குறுக்கே வந்தாலும் அதன் முன்னால் வந்து நின்றது. இலையைத் தூக்கி மறைத்தால் இலையின் மேல் ஊர்ந்தது. கையால் மறைத்தால் கையின் மேல் ஊர்ந்தது. ஒருநாள் ஞானாம்பிகை தேத்தண்ணியோடு குறுக்கே வந்தபோது, நாலைந்து புழுக்கள் அவருடைய முகத்தின் மேலேயே ஊர்ந்தன. கனகலிங்கம் கடமை தவறாமல் தட்டிப் புள்ளி எடுத்துக்கொண்டார்.

மென்பொருள் செய்தவன் நிருஷன் என்ற பொடியன். கெட்டிக்காரன். இரண்டு நாள் தலையைச் சொறிந்துவிட்டுக் கனகலிங்கத்துக்கு விளங்கப்படுத்தினான்.

"அங்கிள், இலை எங்கை இருக்கெண்டு போனுக்குத் தெரியாது. அது பாட்டுக்குப் படத்துக்கு மேலை புழுவைக் கீறுது. இலை முன்னுக்கு, புழு பின்னுக்கு எண்டு நாங்கள்தான் அதுக்குச் சொல்லிக் குடுக்க வேணும்."

"எப்பிடித் தம்பி?"

"ஒவ்வொரு கோவாவையும் சுத்திவர அளந்து, அதே மாதிரி ஒரு கோவாவைச் செய்து, அதே இடத்திலை போனுக்குள்ளை வைக்கிறது. ஆனா அந்தக் கோவா கண்ணுக்குத் தெரியாது. அதுக்குப் பின்னாலை புழு போனா புழுவும் தெரியாமல் போயிடும். பாக்கிற ஆள், உண்மை இலைக்குப் பின்னாலைதான் போட்டுதெண்டு நினைப்பார்."

"அப்ப இல்லாத புழு ஒளிக்கிறதுக்கு இல்லாத கோவா."

"இல்லாத கோவா இல்லை அங்கிள். தெரியாத கோவா."

இந்த நுண்ணிய வேறுபாட்டை விளங்கிக்கொள்ளப் பட்டம் வேண்டும், அல்லது அடையாள அட்டை வேண்டும். கனகலிங்கத்திடம் இரண்டாவது இருந்தது. தலையை ஆட்டினார்.

நிருஷன் நாட்கணக்காகக் கோவாக்களைச் சுற்றிச் சுற்றி வந்தான். கோயிலில் கூட ஒருவரும் அப்படிப் பக்தியோடு சுற்றியிருக்கமாட்டார்கள். கடைசியில் புழு ஒளித்தது. உண்மை இலையின் விளிம்புக்கு வந்து, பின்பக்கம் வளைந்து, மறைந்தே போனது. திட்ட இணைப்பாளர் துஷாந்தினி மிஸ் கைதட்டினார். றோல்ஸும் சோடாவும் வந்தன. அன்றுதான் கனகலிங்கத்துக்கு முதன்முதலில் நாரி பிடித்தது.

ஒரு கிழமை கழித்து, புழுக்களின் வால் வெளியே தெரியத் தொடங்கியது. இலைக்குள் பாதி, வெளியில் பாதி. சில புழுக்கள் உண்மை இலை இருக்க, அதற்கு ஒரு சாண் பக்கத்தில், வெறும் காற்றுக்குப் பின்னால் போய் ஒளித்தன. வேப்பமர நிழலில் பிளாஸ்ரிக் கதிரைகள் போட்டு அவசர மீளாய்வுக் கூட்டம் கூட்டப்பட்டது.

துஷாந்தினி மிஸ் எழுந்து நின்று மிகுந்த வேதனையோடு பேசினார்.

"பிரச்சினையை அடையாளம் கண்டிருக்கிறம். பிரச்சினை கோவாதான். கோவா வளருது."

கனகலிங்கம் குற்றவாளிபோல நிலத்தைப் பார்த்தார். அவருடைய கோவா; அவருடைய வளர்ப்பு.

"நிருஷன் அளந்தது போன கிழமைக் கோவாவை. இது இந்தக் கிழமைக் கோவா. ரெண்டும் ஒத்து வரேல்லை," என்றார் மிஸ்.

"திரும்ப அளக்கேலாதோ தம்பி?" என்று கனகலிங்கம் மெல்லக் கேட்டார்.

"அளந்து முடிக்கிறதுக்கிடையிலை திரும்ப வளந்திடும் அங்கிள்."

"திட்டத்தின்ரை திறப்பு விழாவுக்குப் பணிப்பாளர் சேர் வாறார்," என்றார் மிஸ். "அது வரைக்கும் கோவா இப்ப இருக்கிற அளவிலையே நிக்க வேணும். ஐயா, நீங்கள் அனுபவசாலி. ஒரு கோவாவை வளராமல் வைச்சிருக்கிறது எப்பிடி?"

முப்பது வருசமாகக் கோவாவை வளர்ப்பது எப்படி என்று மட்டுமே மண்டையை உடைத்த மனிதரிடம் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது.

"தண்ணி விடாட்டி வளராது மிஸ்," என்றார். தன் வாயாலேயே சொன்னார்.

"அருமை! அப்ப இறைப்பு நிப்பாட்டுறம். மருந்தும் அடிக்க வேண்டாம் ஐயா. ஈரம் பட்டு இலை மினுங்கினா போன் தடுமாறுது."

"மருந்தடிக்காட்டிப் புழு விழும் மிஸ்."

"புழுதானே ஐயா எங்கடை திட்டமே!"

எல்லோரும் சிரித்தார்கள். கனகலிங்கமும் சிரித்தார். மறுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார்தான். அதற்குள் மிஸ், "மேடையிலை பணிப்பாளர் சேருக்குப் பக்கத்துக் கதிரை உங்களுக்கு," என்று சொல்லிவிட்டார். அவருடைய பரம்பரையில் இதுவரை ஒருவரும் மேடைக் கதிரையில் இருந்ததில்லை. சுமந்து கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். "ஓம் மிஸ்," என்றார்.

வீட்டில் ஞானாம்பிகை இதைக் கேட்டுவிட்டுப் புருசனின் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

"உங்களுக்கென்ன விசரே? உருண்டு வாற நேரத்திலை தண்ணியை நிப்பாட்டினா கோவா என்னத்துக்கு ஆகும்?"

"திறப்பு விழா முடிய இறைப்பம். கொஞ்சம் பொறும்."

"நான் பொறுப்பன். கோவா பொறுக்குமே? குசினி பொறுக்குமே?"

"நீர் உந்தக் குசினியை விட்டு வெளியாலை வாரும். உலகம் எங்கையோ போகுது."

"உலகம் எங்கையும் போகட்டும். அதுக்கும் பசிக்குமெல்லே?"

மறுநாள் கனகலிங்கம் மானிப்பாயில் "இயலளவு விருத்திச் செயலமர்வு" ஒன்றுக்குப் போய்விட்டார். அவர் பஸ் ஏறியதும் ஞானாம்பிகை இறைப்பு மெசினைக் கயிறு இழுத்து இயக்கி, மேற்குப் பக்கத்து நிரைகளுக்குத் தண்ணீர் கட்டினார். பின்னேரத்துக்குள் அந்தக் கோவாக்கள் தலை நிமிர்ந்தன. அடுத்த நாள் நிருஷன் போனைப் பிடித்தபோது, அந்த நிரைகளில் மட்டும் புழுக்கள் வெட்டவெளியில் நின்றன.

விசாரணை நடத்தப்பட்டது.

"ஆர் இந்தக் கோவாவுக்குத் தண்ணி விட்டது?" என்று துஷாந்தினி மிஸ் கேட்டார். குரலில் கோபத்தைவிடத் துயரமே கூடுதலாக இருந்தது.

"நான்தான் பிள்ளை," என்றார் ஞானாம்பிகை.

"ஏனம்மா அப்பிடிச் செய்தனீங்கள்?"

"வாடிப் போச்சுது. விட்டன்."

"நீங்கள் விட்ட தண்ணியாலை புழு வெளியிலை தெரியுது."

"தெரிஞ்சா நல்லம்தானே பிள்ளை? பிடிச்சுக் கொல்லலாம்."

மிஸ் நிருஷனைப் பார்த்தார். நிருஷன் போனைப் பார்த்தான். "பயனாளிக் குடும்பத்திலை விழிப்புணர்வு போதாது," என்று மிஸ் பெருமூச்சு விட்டார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மிஸ்," என்று கனகலிங்கம் முந்திக்கொண்டு சொன்னார். "அவ படிக்காத ஆள்."

"நான் ஓ. எல். பாஸ். உவர்தான் எட்டாம் வகுப்போடை மதில் பாஞ்சவர்," என்றார் ஞானாம்பிகை.

இந்தச் சாட்சியம் கணக்கில் எடுக்கப்படவில்லை. இனி இப்படியொரு "அசம்பாவிதம்" நிகழாதிருக்க, மெசின் இழுக்கிற கயிற்றைத் திட்டத்தின் தற்காலிகப் பாதுகாப்பில் வைப்பதென்று முடிவாயிற்று. கனகலிங்கம் தானே போய்க் கயிற்றை எடுத்து, தூசி தட்டி, இரண்டு கையாலும் மிஸ்ஸிடம் கொடுத்தார். ஞானாம்பிகை கிணற்றிலிருந்து வாளியால் அள்ளி ஊற்றப் பார்த்தார். ஒரு நிரை முடிவதற்குள் கை விட்டுப்போனது.

அதன் பிறகு உண்மைப் புழு வந்தது.

அழைப்பிதழ் இல்லை, அடையாள அட்டை இல்லை. வந்த அன்றே ஒரு பிசகும் இல்லாமல் இலைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. அதற்கு ஒருவரும் கோவாவை அளந்து கொடுக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் தளர்ந்த இலையை அது இரவும் பகலும் அரித்தது. இலையெல்லாம் அரிதட்டாகியது.

நிருஷனுக்கு அழுகை வராத குறை. "அங்கிள், இலையிலை ஓட்டை விழுந்திட்டுது. எங்கடை புழு பின்னாலை போகேக்கை ஓட்டைக்குள்ளாலை தெரிய வேணும். தெரியேல்லை. நான் செய்த கோவாவிலை ஓட்டை இல்லையே!"

"கோதாரி," என்றார் கனகலிங்கம். அவருக்கு அந்தப் பொடியன் மேல் உண்மையாகவே இரக்கம் வந்தது.

மீண்டும் கூட்டம். தீர்மானம் ஏகமனதானது. உண்மைக் கோவாவை, செல்போன் கோவாவின் தரத்துக்கு உயர்த்துவது. மூன்று நாளாகக் கனகலிங்கம் கோதுமை மாப் பசையைக் காய்ச்சி, பச்சைக் கடதாசியை வெட்டி, இலை இலையாக ஓட்டைகளுக்கு ஒட்டினார். ஒட்டுகிற இலைக்குக் கீழே கொழுத்த புழுக்கள் தொங்கின. ஒன்றைத் தட்டிவிடக் கை நீட்டினார்.

"அங்கிள், இலையை ஆட்டாதேங்கோ!" என்று நிருஷன் கத்தினான்.

கனகலிங்கம் கையை எடுத்துக்கொண்டார். புழு மேலே ஏறிப் பசையையும் தின்னத் தொடங்கியது. மறுபடி நாரி பிடித்தது. இந்தத் தடவை குத்துவதற்கு ஞானாம்பிகை வரவில்லை.

திறப்பு விழா விமரிசையாக நடந்தது. நிறைகுடம், குத்துவிளக்கு, வரவேற்புரை. பணிப்பாளர் சேர் சப்பாத்தில் மண் படாமல் இருக்கப் பாத்திக்கு நடுவே கம்பளம் விரித்திருந்தார்கள். அதற்காக ஒரு நிரைக் கோவாவைப் பிடுங்க வேண்டியிருந்தது. அவர் போனை வாங்கி, தோட்டத்தை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"புழு எங்கை?"

"ஒளிச்சிருக்கு சேர்," என்றார் துஷாந்தினி மிஸ்.

"ஒண்டையும் காணேல்லையே."

"அதுதான் சேர் சாதனை!"

சேர் விளங்கிக்கொண்டு கைதட்டினார். ஒன்றையும் காணாததற்காகச் சனமெல்லாம் கைதட்டியது. உற்சாகம் தாங்காமல் அவர் தானே குனிந்து ஓர் இலையைத் தூக்கினார். பச்சைக் கடதாசி கையோடு வந்தது. கீழே விரல் மொத்தத்தில் ஒரு புழு.

"ஆஹா! என்ன தத்ரூபம்!" என்றார். போனில் தட்டினார். சாகவில்லை. இன்னும் இரண்டு தரம் தட்டினார். "தம்பி, இது சாகுதில்லை."

நிருஷன் எட்டிப் பார்த்தான். "சேர், அது... அது எங்கடை இல்லை."

"அப்ப ஆற்றை?"

எல்லோரும் கனகலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அடையாள அட்டையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"என்ரை, சேர்," என்று ஒப்புக்கொண்டார்.

சேர் கைலேஞ்சியால் விரலைத் துடைத்தார். "என்ன ஐயா இது? பெரிய ஆக்கள் வாற இடம். தோட்டத்தைத் துப்புரவா வைச்சிருக்க வேண்டாமோ? ஒரு மருந்தை அடிச்சு விட்டிருக்கலாமே."

கனகலிங்கம் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் குத்துவிளக்கைப் பார்த்தார். சனத்துக்குப் பின்னால் நின்ற ஞானாம்பிகை கையிலிருந்த தேத்தண்ணித் தட்டத்தை அப்படியே கம்பளத்தில் வைத்துவிட்டு வீட்டை நோக்கி நடந்தார்.

மேடையில் சேர் ஆற்றிய உரை சபையை உருக்கியது. "அருகில் அமர்ந்திருக்கும் இந்த விவசாயியைப் பாருங்கள். தன் தோட்டத்தில் உண்மைப் புழு இருப்பதையே இவர் அறியவில்லை. எமது செயற்றிட்டம் எவ்வளவு அவசியம் என்பதற்கு இவரைவிட உயிருள்ள சான்று வேண்டுமா?" கரகோஷம். பொன்னாடை போர்த்தப்பட்டது. வாக்களித்தபடி பக்கத்துக் கதிரை கிடைத்தது. குஷன் வைத்த கதிரை. நாரிக்கு இதமாக இருந்ததால் அவர் எழும்பவில்லை. இரண்டாம் கட்டம் தென்மராட்சியில் என்று அந்த மேடையிலேயே அறிவிக்கப்பட்டது. வாகனம் புறப்பட்டது. மெசின் கயிறு அதற்குள் இருந்தது.

புதுக்கயிறு வாங்கி மெசினை இழுத்தபோது, தண்ணீர் போய்ச் சேர்ந்த பாத்திகளில் அதைக் குடிப்பதற்கு ஒரு கோவாவும் இருக்கவில்லை. நடு நரம்பும், காய்ந்த பசையும், பச்சைக் கடதாசியும் நின்றன. கனகலிங்கம் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தார்.

"மிஸ், எங்கடை கோவா..."

"கவலைப்படாதேங்கோ ஐயா. அழிஞ்சது வெளியிலை நிண்டதுதானே? நிருஷன் அளந்தது முழுக்கப் போனுக்குள்ளை பத்திரமா இருக்கு. ஒரு ஓட்டை இல்லை."

கனகலிங்கம் போனைத் திறந்து தோட்டத்துக்கு நேரே பிடித்தார். கோவாவைக் காணவில்லை. நிருஷனுக்கு எடுத்தார்.

"தெரியாது அங்கிள்," என்றான் அவன் தாழ்ந்த குரலில். "அது தெரியாத கோவாவெல்லே."

ஞானாம்பிகை வந்து போனை வாங்கினார். வெறும் பாத்தியில் ஒரு பொய்ப் புழு ஊர்ந்து போனது. திடீரென்று, ஒன்றுமில்லாத ஓரிடத்தில், பாதி மறைந்தது. பிறகு முழுக்க மறைந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்தால் வந்தது. அவர் அந்த இடத்துக்கு நடந்துபோய்க் குந்தி, மறைந்த அளவைக் கையால் வட்டமாகப் பிடித்துக் காட்டினார்.

"இஞ்சை பாருங்கோ. இவ்வளவு பெரிசா வந்திருந்தது."

கனகலிங்கம் பார்த்தார். பிறகு அட்டையைக் கழற்றிச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு, செயற்றிட்டத்தின் அலுவலகமான கந்தோருக்குப் புறப்பட்டார். ஞானாம்பிகையும் கூடவே போனார்.

கந்தோரில் செயற்றிட்டத்தின் தொழில்நுட்பம் பூரண வளர்ச்சி அடைந்திருந்ததை அவர்கள் நேரில் கண்டார்கள். துஷாந்தினி மிஸ், பணிப்பாளர் சேருக்குப் பின்னால் போனார்: "நான் சொல்லேலாது ஐயா, சேர்தான் முடிவு." சேர், வெளிநாட்டு நிதிக்குப் பின்னால் போனார்: "எங்கடை கையிலை ஒண்டுமில்லை." நிதி, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பயிர் அழிவு "திட்டச் சுட்டிகளில்" இல்லை என்று இன்னொருவர் கதவுக்குப் பின்னால் நின்று சொன்னார். எவருடைய வாலும் வெளியே தெரியவில்லை. இவ்வளவு சுத்தமான மறைவை நிருஷனால் கடைசிவரை செய்ய முடியவில்லை. பாவம், அவன் பொடியன்.

"அப்ப ஆரட்டைக் கேக்கிறது?" என்று ஞானாம்பிகை மண்டபம் முழுக்கக் கேட்கக் கேட்டார்.

யாரோ இரண்டு றோல்ஸ் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஞானாம்பிகை அதைத் தொடவில்லை. கனகலிங்கம் கை நீட்டினார்; பிறகு எடுத்துக்கொண்டார். றோல்ஸை அல்ல, கையை.

செயற்றிட்டம் வெற்றி. சிறந்த புத்தாக்கத்துக்கான கேடயம் கொழும்பில் கிடைத்து, அந்தக் கந்தோர் அலுமாரியில் மினுங்குகிறது. அதை வாங்கியவர்கள் கனகலிங்கத்துக்கும் ஞானாம்பிகைக்கும் ஒரு தோட்டம் கோவா கடன். இன்னும் கொடுக்கவில்லை.